பனி உறைந்த ஏணி

சமூக நலப் பணியில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வேலையின் பெரும்பகுதி, நேரில் போய் விசாரித்து அறிக்கை எழுதுவது. அதை மேலே யாராவது படிக்கிறார்களா என்பது வேறு விஷயம். ஒரு விடுதியின் கழிப்பறை பற்றி மூன்று முறை எழுதினேன், அசைவே இல்லை. நான்காவது முறை எழுதவில்லை. ஏதோ கையெழுத்து வேண்டும் என்று சொல்லி அதிகாரியை அங்கேயே வரவழைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தவர் அன்றைக்கே உத்தரவு போட்டார்.

என் மூளையில் உதித்த தந்திரம் என்று வெகுநாள் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் பிரான்சிஸ் பெர்கின்ஸைப் பற்றிப் படித்தேன்.

1933-இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசில் தொழிலாளர் துறையை ஏற்று, 1945 வரை வகித்தவர். அமெரிக்க மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். அதற்கு முன்னால் சிகாகோவின் ஹல் ஹவுஸ் சேவை இல்லத்தில் தொண்டு செய்தார். பிலடெல்பியாவில், வேலை தேடி வரும் பெண்களைச் சுரண்டிய போலி வேலைவாய்ப்பு முகவர்களைத் துருவினார்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் தையல் ஆலை எரிந்ததை அவர் தெருவில் நின்று பார்த்தார். கதவு பூட்டியிருந்தது. பெண்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். 146 பேர் இறந்தார்கள். அதன்பின் அமைந்த விசாரணை ஆணையத்தில் வேலை செய்தபோது, உறுப்பினர்களை ஆலைகளுக்கே கூட்டிப்போனார். ராபர்ட் வாக்னர் என்ற அரசியல்வாதியைச் சுவரிலிருந்த சின்ன ஓட்டை வழியே தவழ்ந்து போக வைத்தார்கள். அந்தப் பக்கம் பனி உறைந்த இரும்பு ஏணி. தரைக்கு 12 அடி இருக்கும்போதே அது முடிந்துவிடும். அதற்குப் பெயர் தீ விபத்தில் தப்பும் வழி! பின்னாளில் செனட்டில், முதியோருக்கும் வேலையிழந்தோருக்கும் உதவித்தொகை தரும் சமூகப் பாதுகாப்பு மசோதாவைக் கொண்டுவந்தவர் இதே வாக்னர்தான். களப்பணியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பதவியை ஏற்கும் முன்பே பெர்கின்ஸ் ரூஸ்வெல்ட்டிடம் ஒரு பட்டியலைச் சொன்னார். முதியோர் ஓய்வூதியம், வேலையிழந்தோர் காப்பீடு, குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு என்று நீளும். மருத்துவக் காப்பீடு தவிரப் பெரும்பாலும் நடந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. 1935-இன் அந்தச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அவர் தலைமையிலான குழு தந்த திட்டத்தில் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் ஓய்வூதியத்துக்கான வரி வசூலிப்பது கடினம் என்றது நிதித்துறை. சட்டம் வெளிவந்தபோது அவர்கள் இல்லை. பெர்கின்ஸ் அதோடு சமாதானமானார். கிடைத்த வரைக்கும் வாங்கிக்கொள்வோம் என்ற கணக்கு. நானாக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் விட்டுப்போனவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது எங்களைப் போன்றவர்கள்தான்.

முதலாளியின் சான்று இல்லை என்று வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்மணியின் விண்ணப்பத்தை நானே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். "அஞ்சு வீட்டுல வேலை சார், எந்த வீட்டுல கேக்கட்டும்?" என்றார். படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது.