லாகின் செய்ததும் அதனதன் இடத்தில்

மார்ச் 4, 2025, செவ்வாய்

இன்று எங்கள் தெருவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. முன்பே தெரிந்திருந்ததால் கம்ப்யூட்டரை முறையாக லாக்அவுட் செய்து அணைத்தேன். மதியம் கரன்ட் வந்து லாகின் செய்தால், விட்ட இடத்திலேயே பெரும்பாலான விண்டோக்கள் இருந்தன. போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் கரன்ட் போனபோது கதையே வேறு. என்றைக்கோ சேமித்த பழைய செஷன், அதாவது எந்தெந்த விண்டோ எங்கே திறந்திருந்தது என்ற பதிவு, வந்து நின்றது.

காரணம் இதுதான். நான் வைத்திருப்பது லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம், அதன் மேல் விண்டோக்களையும் மெனுக்களையும் காட்டும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். அது செஷனைச் சேமிப்பது லாக்அவுட் ஆகும் நேரத்தில். திடீரென்று இயந்திரம் செத்துப்போனால் சேமிக்க அதற்கு ஏது நேரம்? யுபிஎஸ் பேட்டரியும் வயதானது. அதை நம்பி எதுவும் திட்டமிட முடியாது.

மார்ச் 5, புதன்

ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் கேஷ் கோப்புறைக்குள் செஷன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. திறந்து படித்தேன். இரண்டு வகைக் கோப்புகள். ஒன்று செஷன் மேனேஜருடையது: எந்தெந்த புரோகிராமை எந்தக் கட்டளையால் மீண்டும் தொடங்க வேண்டும் என்ற பட்டியல். மற்றது விண்டோ மேனேஜருடையது: ஒவ்வொரு விண்டோவின் பெயர், வகுப்பு (எந்த புரோகிராமுடையது என்று காட்டும் பெயர்), இடம், அகலம், உயரம், எந்த வொர்க்ஸ்பேஸ் (மாற்றி மாற்றிப் பார்க்கும் தனித்தனித் திரைப்பரப்பு) என்பது. ஆக, புரோகிராமைக் கொண்டுவருவது ஒருவர் வேலை, அதை உரிய இடத்தில் வைப்பது இன்னொருவர் வேலை.

இந்த ஏற்பாடு 1994-ல், லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் அடித்தளமான எக்ஸ்11-இன் ஆறாவது வெளியீட்டோடு வந்தது. செஷன் மேனேஜர் கேட்கும்போது, "என்னை இப்படித் திரும்பத் தொடங்கு" என்று ஒவ்வொரு புரோகிராமும் பதில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாத புரோகிராம்கள் இன்று ஏராளம். அவை திரும்ப வராததற்கு எக்ஸ்எஃப்சிஇயைத் திட்டிப் பயனில்லை.

லாக்அவுட் ஆகாமலே செஷனைச் சேமிக்கவும் வழி உண்டு. புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் டிபஸ் வழியாக செஷன் மேனேஜருக்கு 'செக்பாயின்ட்' என்று ஓர் அழைப்பு அனுப்பினால் போதும். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரானில், அரை மணிக்கு ஒரு முறை என்று போட்டுவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். என் திரை அலங்கோலமாகக் கிடக்கும் நேரமே அதிகம். அந்த அலங்கோலத்தை அப்படியே படம்பிடித்து மறுநாள் காலையில் என் முன்னால் வைப்பானேன்? நேற்று எப்படி இருந்தது என்று அது நினைவில் வைக்கத் தேவையில்லை. எது எங்கே இருக்க வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

உள்ளே என்ன திறந்திருந்தது என்பதை அந்தந்த புரோகிராம் பார்த்துக்கொள்ளும். ஃபயர்பாக்ஸ் திறந்திருக்கும் டேப்களை 15 விநாடிக்கு ஒரு முறை எழுதி வைக்கிறது. லிப்ரெஆபீஸ் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை மீட்புத் தகவலைச் சேமிக்கிறது. கரன்ட் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

பழைய செஷனை அழித்தேன், லாக்அவுட்டில் சேமிக்கும் டிக்கையும் எடுத்தேன். தினமும் வேண்டியவற்றை, லாகின் ஆனதும் தானே தொடங்கும் ஆட்டோஸ்டார்ட் பட்டியலில் சேர்த்தாயிற்று. இடம் ஒதுக்கும் வேலை டெவில்ஸ்பை2 என்ற சின்ன புரோகிராமுக்கு. விண்டோ திறந்தவுடன் அது லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய நம் விதிகளை ஓட்டிப் பார்க்கும். "வகுப்பு இதுவென்றால் இரண்டாவது வொர்க்ஸ்பேஸுக்குப் போ, இந்த அளவில் இந்த இடத்தில் நில்" என்கிற மாதிரி நாலைந்து வரிகள்தான். விண்டோவின் வகுப்பு தெரிய எக்ஸ்ப்ராப் என்ற கட்டளையை ஓட்டி, அம்பு சிலுவையாக மாறியதும் அந்த விண்டோவின் மேல் கிளிக் செய்தால் போதும்.

என் மேஜையில் இடது மானிட்டர் வழக்கம்போல் 1920க்கு 1080. வலதுபுறத்தது மெய்ப்புப் பார்ப்பதற்காக நிமிர்த்தி வைத்தது, 1080க்கு 1920. இரண்டின் நடுப்பகுதியும் நேராக இருக்க, இடதை 420 புள்ளி கீழே இறக்கி அமைத்திருக்கிறேன். அதனால் 0,0 என்ற இடத்தில் திரையே கிடையாது! இடது மானிட்டரின் மேல் மூலை 0,420. வலது 1920,0-இல் தொடங்குகிறது. காகிதத்தில் இரண்டு செவ்வகம் வரைந்து எண்களைக் குறித்துக்கொண்டால் விதி எழுதுவது ரொம்பச் சுலபம்.

இன்னொன்று, முழுத்திரைக்கு விரிந்திருக்கும் விண்டோவை நகர்த்தச் சொன்னால் பெரும்பாலும் அசையாது. முதலில் விரிப்பை எடுக்க வேண்டும், அப்புறம்தான் அளவு, இடம் எல்லாம்.

மார்ச் 9, ஞாயிறு

தலைவலி ஃபயர்பாக்ஸால்தான். எனக்கு இரண்டு விண்டோ வேண்டும்: வேலைக்கு ஒன்று, படிக்க ஒன்று. இரண்டுக்கும் வகுப்பு ஒன்றே. தலைப்பை வைத்துப் பிரிக்கலாம் என்றால், திறக்கும் கணத்தில் இரண்டும் வெறும் மொசில்லா ஃபயர்பாக்ஸ் என்றே நிற்கின்றன. பக்கத்தின் பெயர் பிறகுதான் வருகிறது. அதற்குள் டெவில்ஸ்பை2 தன் வேலையை முடித்துவிடும். தலைப்பு மாறும்போது ஓடும் விதிகளும் அதில் உண்டு. ஆனால் பக்கம் மாற மாற விண்டோ இடம் பெயர்ந்தால் நன்றாகவா இருக்கும்?

தீர்வு, இரண்டு புரொஃபைல், அதாவது ஃபயர்பாக்ஸுக்குள் தனித்தனி அமைப்புகள் கொண்ட இரண்டு கணக்குகள் மாதிரி. ஒவ்வொன்றையும் தனிக் கட்டளையில், வகுப்பின் பெயரையும் நாமே கொடுத்துத் தொடங்கினால் விதிக்கு இரண்டும் வேறு வேறு ஆள். முந்தைய டேப்களைத் திறக்கும் அமைப்பையும் புரொஃபைல்தோறும் தனியாக வைக்கலாம்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோவான டெர்மினலுக்கு அளவைக் கட்டளையிலேயே கொடுக்கலாம். ஆனால் அகலமும் உயரமும் புள்ளிக் கணக்கு அல்ல, எழுத்துக் கணக்கு: 80க்கு 24 என்றால் 80 எழுத்து, 24 வரி. எழுத்தின் அளவுக்குத் தகுந்தே கூடிக் குறையும் என்பதால் திரையின் ஓரத்தில் ஒரு கீற்று இடைவெளி மிஞ்சும். இருக்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

இரண்டாவது மானிட்டர் விழிப்பதற்குள் விண்டோக்கள் வந்துவிட்டால் எல்லாம் இடதிலேயே குவிகின்றன. ஆட்டோஸ்டார்ட் கட்டளைகளுக்கு முன்னால் சில விநாடி தூக்கம் (காத்திருக்கச் சொல்லும் 'ஸ்லீப்' கட்டளை) சேர்த்தேன். சரியாயிற்று.

மார்ச் 15, சனி

நண்பன் போன் செய்தான். "மாப்ள, நீ சொன்ன டெவில்ஸ்பை எனக்கு ஒண்ணுமே செய்ய மாட்டேங்குதுடா." அவனுடையது ஃபெடோரா என்ற வேறொரு லினக்ஸ், கேடிஇ பிளாஸ்மா 6 டெஸ்க்டாப், எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்ட். செய்யாது. வேலண்டில் சாதாரண புரோகிராம் தன் விண்டோவையே திரையில் இன்ன இடத்தில் வை என்று கேட்க முடியாது. பிறர் விண்டோவைத் தொடுவது அதைவிடக் கடினம். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான், ஆனால் நம்மைப் போன்றவர்களின் பழைய கருவிகளெல்லாம் அதோடு போயின. இடத்தை நினைவில் வைப்பதற்கென்று ஒரு நெறிமுறை 2025 மார்ச் நிலவரப்படி சோதனை நிலையில் இருந்தது.

அவனுக்கு அந்தக் கவலை இல்லை. கேடிஇயில் திரையை ஆளும் விண்டோ மேனேஜரான கேவின்னே விண்டோ விதிகளை வைத்திருக்கிறது. தலைப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து, கூடுதல் செயல்களுக்குள் போய் விதி சேர்க்கச் சொன்னேன். இடத்துக்கு 'ஃபோர்ஸ்' கொடுத்துவிட்டு, "இப்ப மவுஸால இழுத்தாலும் நகர மாட்டேங்குதே" என்றான். 'அப்ளை இனிஷியலி' என்று மாற்றச் சொன்னேன். திறக்கும்போது மட்டும் அந்த இடத்தில் வைக்கும், அப்புறம் அவன் இஷ்டம்.