பீர்ப் பீப்பாய் அளவில் ஒரு ரயில் நிலையம்

என் மேசைமீது இருக்கும் லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் ரயில் நிலையத்தின் சிறு மாதிரியைப் பார்க்க வருபவர்கள் முதலில் தேடுவது அந்தச் செங்கல் கோபுரங்களைத்தான். படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்த முகப்பு இருக்கவேண்டிய இடத்தில் பென்சில் கோடுகள் போட்ட பழுப்பு அட்டை ஒன்று நான்கு ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. வந்தவர்களின் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றம் தெரியும். ஆனால் நான் முகப்பைத் தள்ளிப்போட்டதற்குச் சோம்பல் காரணமல்ல. இதற்கு முன் வேறொரு முனையத்தை மாதிரியாகக் கட்டத் தொடங்கியபோது முகப்பையே முதலில் கட்டினேன். ஓராண்டு உழைத்தபின் என்னிடம் மிஞ்சியவை ஓர் அழகான கட்டடமும், அதன் பின்னால் வண்டி ஓட்ட வழியில்லாத ஐந்தாறு தண்டவாளங்களும்தான்.

பெருநகர முனையத்தின் உயிர் அதன் கழுத்தில் இருக்கிறது. நடைமேடைகளை விட்டு வெளியேறும் தண்டவாளங்கள் எல்லாம் பாயின்ட்டுகள் (வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாள அமைப்புகள்) வழியாக ஒன்றோடொன்று கூடி, சில பாதைகளாகக் குறுகும் இடத்தையே கழுத்து என்கிறேன். எஞ்சின் பூட்டிய வண்டிகள் ஓடிய காலத்து முனையத்தில் ஒரு விரைவு வண்டி வந்து நின்றதும் அதன் எஞ்சின் பாதை முடியும் இடத்திலுள்ள முட்டுத் தாங்கிகளுக்கும் தன் பெட்டிகளுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். இன்னோர் எஞ்சின் மறுமுனையில் பூட்டப்பட்டுப் பெட்டிகளை வெளியே இழுத்துச் சென்ற பிறகே அதற்கு விடுதலை. பிறகு அது தனியாகக் கென்டிஷ் டவுன் பணிமனைக்குப் போக வேண்டும். அடுத்த பயணத்துக்கான வெற்றுப் பெட்டிகள் உள்ளே வர வேண்டும், புறப்படும் எஞ்சின் பின்னோக்கி வந்து சேர வேண்டும், அதன் பிறகுதான் வண்டி கிளம்பும். பயணியின் கண்ணுக்கு ஒரு வரவும் ஒரு புறப்பாடும் மட்டுமே தெரிந்தாலும் கழுத்து வழியாக ஆறேழு நகர்வுகள் நடந்திருக்கும். ஒவ்வொரு நகர்வும் வேறு ஏதோ ஒரு வழியை அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு பாயின்ட்டை இடம் மாற்றி வைத்துவிட்டால், நிஜத்தில் ஒரே நேரத்தில் நடந்த இரண்டு நகர்வுகள் மாதிரியில் ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்கும். ஆகவே நடைமேடையின் நீளத்தைக் குறைக்கலாம், நகரத்தை வெட்டலாம், ஆனால் கழுத்தில் பாயின்ட்டுகளின் வரிசையைத் தொடக்கூடாது என்பதை எனக்கு நானே விதியாக வைத்துக்கொண்டேன்.

இந்த விதி சொல்வதற்கு எளிது. நான் கட்டுவது 1:148 என்ற அளவுவிகிதத்தில். ‘N’ ஸ்கேல் எனப்படும் வகையின் பிரிட்டிஷ் வடிவம் அது. ஐரோப்பாவில் அதே வகை 1:160. ஒரு கிலோமீட்டர் பாதை என் அளவில் ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். 1:87 ஆன எச்.ஓ. அளவில் பதினொன்றரை மீட்டர், பிரிட்டனில் பெருவழக்கான 1:76 அளவில் பதின்மூன்று மீட்டர். பெரிய அளவில் நுணுக்கம் கூடும், ஆனால் அறை போதாது. கடையில் கிடைக்கும் பாயின்ட்டுகளில் மிகப் பெரியவற்றின் வளைவு ஆரம் என் அளவில் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். நிஜத்துக்கு மாற்றினால் சுமார் 133 மீட்டர். முதன்மைப் பாதை விரைவு வண்டிக்கு அது மிக இறுக்கமான வளைவு. எனவே பாயின்ட்டுகளை நானே செய்கிறேன். செம்புத் தகடு ஒட்டிய குறுங்கட்டைகளின் மேல் தண்டவாளத்தை ஈயப்பற்று வைத்து நிறுத்தி, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒவ்வொரு கட்டையின் செம்பையும் அரத்தால் அறுத்துப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். முப்பத்தோராவது கட்டையை அறுக்க மறந்த ஒரு பாயின்ட்டால் மூன்று மாலைகள் கழிந்தன; தவறு கம்பியில் இருக்கிறது என்று நினைத்து மேசைக்கு அடியில் படுத்துக் கிடந்தேன்.

தண்டவாள இடைவெளியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். என் தண்டவாளங்களுக்கு இடையே 9 மில்லிமீட்டர். 148-ஆல் பெருக்கினால் 1332 வருகிறது, நிஜத்தில் 1435 இருக்க வேண்டும். 1:76 அளவுக்காரர்களின் நிலை இன்னும் மோசம்: அவர்களுடைய 16.5 மில்லிமீட்டர் நிஜத்தில் 1257 ஆகிவிடுகிறது, அதைத் தாங்கமுடியாதவர்கள் 18.83 மில்லிமீட்டர் தண்டவாளத்தைக் கையாலேயே போடுகிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும் கிராமத்து நிலையத்தில் இந்தக் குறை கண்ணில் படாது. முனையத்தில் அப்படியல்ல; அங்கே நாம் முட்டுத் தாங்கிகளின் பக்கம் நின்று தண்டவாளத்தின் நீளவாக்கில் பார்க்கிறோம், ஒவ்வொரு வண்டியும் சற்றே ஒட்டிய கால்களோடு நிற்பது தெரிகிறது. தெரிந்தே ஏற்றுக்கொண்ட குறை இது. இன்னொரு முறை தொடங்கினால் ஏற்றுக்கொள்வேனா என்பது சந்தேகம்.

அளவுக்கு அடுத்தபடியாக முடிவு செய்ய வேண்டியது தேதி. நிஜ நிலையம் என்றால் எந்த ஆண்டின் நிலையம்? நான் 1961-ஆம் ஆண்டின் கோடையைத் தேர்ந்தெடுத்தேன். நீராவி எஞ்சின்களும் புதிய டீசல் எஞ்சின்களும் அருகருகே நின்ற காலம் அது. முந்தைய ஆண்டு தொடங்கிய நீல வெள்ளை நிற மிட்லண்ட் புல்மேன் என்ற சொகுசு விரைவு வண்டி வார நாட்களில் காலையில் மான்செஸ்டரிலிருந்து கிளம்பி வந்து சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டு முனைகளிலும் ஓட்டுநர் அறை கொண்ட ஆறு பெட்டி வண்டியாகையால், மற்ற வண்டிகளுக்காகக் கழுத்தில் நடக்கும் அந்த ஆறேழு நகர்வுகளும் அதற்குத் தேவையில்லை. என் நடைமேடையில் ஒரு பெட்டியைக்கூடக் குறைக்காமல் முழுதாக நிறுத்த முடிகிற ஒரே விரைவு வண்டியும் அதுதான்.

தேதியை முடிவு செய்துவிட்டால் அது மற்ற முடிவுகளையும் தானே எடுக்கத் தொடங்கிவிடும். முகப்பில் இருக்கும் பெரிய ஓட்டல் 1935-லேயே மூடப்பட்டு ரயில்வே அலுவலகமாகிவிட்டது, ஆகவே 1961-இன் இரவில் அதன் சன்னல்களில் படுக்கையறை விளக்குகள் எரியக்கூடாது. கூரையின் வளைவுகளுக்கு இன்று காணும் வெளிர்நீலம், 2007-இல் நிலையம் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோது பூசியது. இன்றைய புகைப்படம் ஒன்றை நம்பி ஆறு வளைவுகளுக்கு அந்த நீலத்தைப் பூசிவிட்டுப் பிறகு கரி நிறத்துக்கு மாற்றினேன். நடைமேடையின் தலைப்பில் தொங்கிய பெரிய கடிகாரம் 1970-களில் விற்கப்பட்டு, இறக்கும்போது விழுந்து நொறுங்கியது. ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர் அந்தத் துண்டுகளை எடுத்துச் சென்று தன் களஞ்சியச் சுவரில் பொருத்தி வைத்தார். இப்போது நிலையத்தில் இருப்பது அதைப் பார்த்துச் செய்த நகல். நகலைப் பார்த்து நான் செய்த நகல் விட்டத்தில் என் சுண்டுவிரல் நுனியைத் தாண்டாது.

இந்த வேலையில் நான் யாரையாவது பார்த்துப் பெருமூச்சு விட்டதுண்டு என்றால் அது வோல்ஃப்காங் ஃப்ரே. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் முதன்மை நிலையத்தை 1:160 அளவில் பல பத்தாண்டுகள் உழைத்துக் கட்டியவர் அவர்; 2012-இல் மறைந்தார். பால் போனாட்ஸ் வடிவமைத்த அந்த நிலையத்தின் வடக்குச் சிறகு புதிய நிலத்தடி நிலையத்துக்காக 2010-இல் இடிக்கப்பட்டது, தெற்குச் சிறகு 2012-இல். இரண்டும் அவருடைய மாதிரியில் இன்றும் நிற்கின்றன. சுருக்கம் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்வு எழுவது அந்த மாதிரியின் படங்களால்தான்.

அளவெடுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வே 1890-களில் வெளியிட்ட லண்டன் நகர வரைபடங்கள் ஒரு மைலுக்கு ஐந்தடி என்ற அளவில், தண்டவாளங்களையும் பாயின்ட்டுகளையும் காட்டும்படி வரையப்பட்டவை. அடித்தளத்துக்கு அவையே போதும், பிற்கால மாற்றங்களை மட்டும் புகைப்படங்களிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். உயரத்துக்குச் செங்கல் வரிகளை எண்ணுகிறேன். பொதுவான கணக்கில் நான்கு வரிகள் ஓரடி. கிடைமட்ட நீளத்துக்குப் புகைப்படத்தில் நிற்கும் பெட்டியே அளவுகோல்: பிரிட்டிஷ் ரயில்வேயின் மார்க் 1 வகையின் நீளமான பெட்டி 64 அடி 6 அங்குலம். பெட்டியும் சுவரும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செயின்ட் பேங்க்ரஸில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி ஒன்று உண்டு. பக்கத்திலிருக்கும் கிங்ஸ் கிராஸுக்கு வரும் பாதை ரீஜன்ட்ஸ் கால்வாய்க்கு அடியில் சுரங்கத்தில் நுழைந்து வருகிறது. செயின்ட் பேங்க்ரஸின் பாதையோ கால்வாயைப் பாலத்தில் தாண்டி வருகிறது, அதனால் நிலையத்தின் தளம் யூஸ்டன் சாலையைவிட மிக உயரத்தில் அமைந்துவிட்டது. அடியில் உண்டான வெற்றிடத்தை மண்ணால் நிரப்பாமல், பர்ட்டன் நகரிலிருந்து ரயிலில் வரும் பீரைச் சேமிக்கும் கிடங்காகப் பயன்படுத்தலாம் என்று பொறியாளர் வில்லியம் பார்லோ முடிவு செய்தார். பீப்பாய்களை வீணின்றி அடுக்குவதற்கு ஏற்றபடி தூண்களுக்கு இடையே 14 அடி 8 அங்குலம் விடப்பட்டது. தளத்துக்கு மேலே எழும் கூரை வளைவுகள் அதன் இருமடங்கான 29 அடி 4 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தப்பட்டன. ஆக, அந்தப் பிரம்மாண்டக் கூரைக்கு அளவு கொடுத்தது ஒரு பீப்பாய். என் அளவில் தூணிடைவெளி 30.2 மில்லிமீட்டர். பலகைமீது முதலில் வரைந்தது அந்தக் கட்டங்களைத்தான். 30 என்று முழு எண்ணாக்கிவிட ஆசை வரும். நிலையத்தின் முழு நீளத்தில் அந்த 0.2 சேர்ந்து சேர்ந்து ஒரு சென்டிமீட்டரைத் தொட்டுவிடும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

கூரையின் அகலம் ஒரே வளைவாக 240 அடி, நீளம் 689 அடி, உயரம் ஏறக்குறைய நூறடி. என் அளவில் அது 49 சென்டிமீட்டர் அகலமும் 1.42 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் உயரமும் ஆகிறது. இதில் எதைச் சுருக்குவது? முதலில் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அட்டையில் ஒட்டிப் பார்த்தேன். வந்தது ஒரு நல்ல சரக்குக் கொட்டகை. பிறகு அகலத்தையும் உயரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் 17 வளைவுகளாக வெட்டினேன், அதாவது 97 சென்டிமீட்டர். முன்னாலிருந்து பார்ப்பவருக்குக் குறை தெரிவதில்லை. லண்டனின் மாடல் ரயில்வே கிளப் கட்டிவரும் கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ் மாதிரியில், கிங்ஸ் கிராஸ் வட்டாரத்தின் பின்புறக் கட்டடங்களைத் தொலைவுக்கேற்ப அளவில் சிறுத்துக்கொண்டே போகும்படி செய்திருக்கிறார்கள். அபாரமான உத்தி, ஆனால் என் முனையத்தில் தண்டவாளமே ஆழத்தை நோக்கி ஓடுவதால் எனக்கு அது பயன்படாது. வண்டியைப் போகப்போகச் சிறிதாக்க முடியுமா என்ன.

வளைவுகளை லேசரில் வெட்டிய மெல்லிய பிளைவுட்டில் செய்து, மேலே கண்ணாடிக்காகத் தெளிவான பிளாஸ்டிக் தாளை சூப்பர் க்ளூவால் ஒட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஒட்டிய இடமெல்லாம் வெண்மூட்டம். அந்தப் பசையின் ஆவி பிளாஸ்டிக்கில் படிந்து அப்படி ஆக்கிவிடும். நீராவிக் காலத்துக் கூரைதானே, அழுக்கு இருக்கத்தானே செய்யும் என்று ஒரு மணி நேரம் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். புகைக்கரி வெள்ளையாக இருக்காது. முழுக் கண்ணாடியையும் உரித்துவிட்டு, காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசையால் மீண்டும் ஒட்டினேன்.

அடுத்த பாடம் இன்னும் நுட்பமானது. கூரைக்கு அடியில் வண்டி தடம் புரண்டால் கையை விட்டு எடுக்க வேண்டுமே என்பதற்காகக் கூரை முழுவதையும் தூக்கி எடுக்கும்படி செய்து, வளைவுகளின் பாதங்கள் நடைமேடை ஓரத்திலுள்ள துளைகளில் இறங்கும்படி அமைத்திருந்தேன். வயரிங் வேலைக்காக ஒரு மாதம் அதைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்துவிட்டுத் திரும்பப் பொருத்தப்போனால் பாதங்கள் துளைகளுக்குள் இறங்கவில்லை. அளந்தேன்: 494 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய அகலம் 499 ஆகியிருந்தது. வளைவு தன் எடையால் கால்களை வெளியே தள்ளும் என்பது பாடப்புத்தக விஷயம். பார்லோவின் கூரையில் அந்த விசையைத் தாங்கிப் பிடிப்பது எது என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அவர் கூரைக்குக் குறுக்கே இழுகம்பி எதுவும் போடவில்லை. தண்டவாளங்களைத் தாங்கும் தளத்தின் இரும்பு உத்தரங்களே வளைவின் இரு பாதங்களையும் இழுத்துப் பிடிக்கின்றன. பீப்பாய்க் கிடங்கின் மேற்தளம்தான் கூரையின் நாண். நான் தூக்கி எடுத்தது நாணை விட்டுப் பிரிந்த வில். அதன் பிறகு 17 ஜோடித் துளைகள் போட்ட ஒரு பலகையைத் தனியாகச் செய்துவைத்து, கூரையை எப்போது கழற்றினாலும் அதில் பொருத்தியே வைக்கிறேன்.

இப்போது கழுத்தில் பதினெட்டு பாயின்ட்டுகள் வேலை செய்கின்றன, புல்மேன் உள்ளே வந்து நிற்கிறது, நீராவி எஞ்சின்கள் முறைப்படி மாட்டிக்கொண்டு முறைப்படி விடுபடுகின்றன. முகப்பு மட்டும் அட்டையாகவே நிற்கிறது. அதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் வரலாற்றிலேயே இருக்கிறது: நிஜ நிலையத்தில் வண்டிகள் ஓடத் தொடங்கியது 1868 அக்டோபரில், முகப்பிலிருக்கும் ஓட்டல் விருந்தினர்களுக்குத் திறக்கப்பட்டது 1873-இல். எனக்கு இன்னும் ஏறக்குறைய ஓராண்டு பாக்கி இருக்கிறது.