ஃபைலில் ஒரு ஹாஷ்

"சார், மொத்தம் தப்புன்னா, அதே குழு அளந்த எலாஸ்டிக் மட்டும் எப்படி சரியாகும்?"

என் மாணவி நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். சவாலாகக் கேட்டிருந்தால் நான் சுலபமாக மறந்திருப்பேன்.

அமெரிக்காவின் டெவட்ரான் துகள் மோதுகலனில் 1.8 டெவ் (டிரில்லியன் எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றலில் புரோட்டான்–எதிர்புரோட்டான் மொத்தக் குறுக்குப் பரப்பை, அதாவது அவை எந்த விதத்திலாவது மோதும் வாய்ப்பின் அளவை, ஈ710 குழு 72.8 மில்லிபார்ன் (அதன் அலகு) என்றது, சிடிஎஃப் குழு 80.03 என்றது. எங்கள் ஃபிட், அதாவது எல்லா அளவீடுகளுக்கும் பொருத்திய வளைகோடு, 76-ஐ ஒட்டிப் போனது. சிடிஎஃப் புள்ளி மட்டும் மேலே தொங்கியது. அதன் பிழைக்கோட்டின் கீழ்முனைகூட வளைகோட்டைத் தொடவில்லை. கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்தவில்லை என்று சொல்லும் கை-ஸ்கொயரைப் பார்த்துவிட்டு, "அந்த வரியை கமெண்ட் பண்ணிடும்மா" என்றேன். டேட்டா ஃபைலில் அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் (#) போட்டாள்; இனி ப்ரோகிராம் அந்த வரியைப் படிக்காது. ஃபிட் உடனே அழகாகிவிட்டது. சில வரிகள் தள்ளி, அதே சிடிஎஃப்பின் எலாஸ்டிக், அதாவது துகள்கள் உடையாமல் சிதறும் பங்கு, 19.70 அப்படியே நின்றது. என் கண் மொத்தத்தில் மட்டுமே இருந்ததால் அதை நான் பார்க்கவே இல்லை.

அவள் பார்த்துவிட்டாள். இரண்டும் ஒரே பானைச் சோறு. மிகச் சிறிய கோணங்களில் சிதறியவற்றை எண்ணி, எண்ணிக்கை கோணத்தோடு குறையும் சரிவை சுழிக் கோணம் வரை நீட்டி, சுழிக் கோணச் சிதறலை மொத்தத்தோடு இணைக்கும் ஒளியியல் தேற்றத்தை வைத்துத்தான் மொத்தம் வருகிறது. ஒன்றைச் சந்தேகித்தால் மற்றதையும் சந்தேகித்தாக வேண்டும். நான் சொன்ன பதில்: "அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் பேப்பர் போகட்டும்." அந்த அப்புறம் வரவே இல்லை.

எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம், ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்து யுஏ4 குழு. 1987-இல் அவர்கள் ரோவின் (சுழிக் கோணச் சிதறல் வீச்சின் மெய்ப் பகுதிக்கும் கற்பனைப் பகுதிக்கும் உள்ள விகிதம்) மதிப்பை 0.24 என்று வெளியிட்டார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். அதை விளக்கப் புதுப்புது மாடல்கள் வந்தன. 1993-இல் அதன் தொடர்ச்சியான யுஏ4/2 மறுபடி அளந்தபோது 0.135தான். அன்று அந்தப் புள்ளியை ஓரமாக வைத்தவர் ஏமாறவில்லை. சரி, ஆனால் 1973-இல் செர்னின் ஐஎஸ்ஆர் மோதுகலனில் நடந்தது நேரெதிர். குறுக்குப் பரப்பு ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும் என்று பலர் நினைத்திருக்க, அளந்தபோது அது ஏறிக்கொண்டே போனது. அங்கே புள்ளிகளை நம்பியவர்தான் பிழைத்தார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. டானகி, லாண்ட்ஷாஃப் என்ற இரு கோட்பாட்டாளர்கள் 1992-இல் கொடுத்த எளிய சூத்திரம், ஆற்றலின் வர்க்கத்துக்கு 0.0808 அடுக்கு, 1.8 டெவ்வில் 73-ஐத் தருகிறது. ஈ710-க்கு அவ்வளவு பொருத்தம். அதே சூத்திரம் 7 டெவ்வில் 91 என்கிறது. செர்னின் எல்எச்சி மோதுகலனில் டோட்டம் குழு அளந்தது 98, அட்லஸ் குழு 95. தாழ்ந்த புள்ளி வழியே போன கோடு மேலே போகப் போகக் குறைந்துவிட்டது. அதற்காக சிடிஎஃப்தான் சரி என்றும் ஆகிவிடாது. ஆற்றலின் மடக்கையின் (லாகரிதம்) வர்க்கமாக ஏறும் கோடுகள் 1.8-இல் இரண்டுக்கும் நடுவே போய், எல்எச்சி மதிப்புகளையும் நன்றாகவே எட்டுகின்றன.

பேப்பரில் எழுதிய வாக்கியம்: "பிற அளவீடுகளோடு பொருந்தாததால் விடப்பட்டது." டெவட்ரானின் இன்னொரு குழுவான ஈ811-உம் 72-க்குச் சற்றுக் கீழே சொல்லியிருப்பதால் அது பொய்யில்லை. ஆனால் நான் அந்தப் புள்ளியை எடுத்த காரணம் அதுவல்ல. என் கோடு அதை ஏற்கவில்லை, அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை அவளைக்கொண்டே எழுத வைத்தேன் என்பதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

போன மாதம் 13 டெவ் ஃபைலைத் திறந்தோம். டோட்டம் 110.6, அட்லஸ் 104.7. "எதை எடுக்கட்டும் சார்?" என்றான் புதுப் பையன். இரண்டையும் வை என்றேன். நியாயமாக நடந்துகொண்டதாகத்தான் நினைத்தேன். ஃபிட் ஓடி முடிந்து பார்த்தால், டோட்டத்தின் பிழை 3.4, அட்லஸின் பிழை 1.1தான் என்பதால், கோடு அட்லஸ் பக்கமே சாய்ந்து கிடந்தது. பையன் ஒன்றும் கேட்கவில்லை. நான் பழைய ஃபைலைத் திறந்து பார்த்தேன். அந்த ஹாஷ் அப்படியே இருக்கிறது.