காலைப் பார்க்கச் சொன்ன ஆசான்

கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 16 வருஷமாகக் கணக்கு எடுக்கிறேன். 41 வயதில் சிலம்பம் கற்கப் போனது இடுப்பு வலிக்காகத்தான், வேறு பெரிய லட்சியமெல்லாம் இல்லை. மலையில் சமதரை கிடைப்பதே அபூர்வம் என்பதால் பயிற்சியும் எங்கள் பள்ளி மைதானத்திலேயே, சனி, ஞாயிறு காலைகளில். ஆசான் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வருவார். சட்டையெல்லாம் தேயிலைத் தூள் வாசனை.

"பிரம்பைத்தான் 2009 கல்வி உரிமைச் சட்டத்துல பிடுங்கிட்டாங்க, அதான் கம்பு எடுத்துட்டீங்களா?" என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல். ஜூடோவை 1882-ல் தொடங்கிய கானோவும், கராத்தேயை ஒகினாவாவிலிருந்து தோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனாகோஷியும் வாத்தியார்கள்தான் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் அசரவில்லை.

முதல் ஒரு மாதம் ஆசான் கம்பையே கையில் தரவில்லை. காலடி மட்டும்தான். அதைச் சொல்லிக்கொடுக்க அவர் நிறுத்தியது என் ஏழாம் வகுப்புப் பையனை! வகுப்பில் பின்னம் என்றாலே தலையைக் குனிந்துகொள்கிறவன். "டீச்சர், கால் மாறிப்போச்சு, மறுபடி வாங்க" என்றான். ஒரே தப்பைப் பத்துத் தடவை செய்தேன். பத்துத் தடவையும் அதே குரலில்தான் சொன்னான். நானாக இருந்தால் மூன்றாவது தடவையே குரல் ஏறியிருக்கும்.

அப்புறம் கம்பு கைக்கு வந்தது. சுற்றும்போதெல்லாம் முட்டியில் இடித்தது. மணிக்கட்டுதான் சரியில்லை என்று அதையே திருகிக்கொண்டிருந்தேன். ஆசான் கம்பைப் பார்க்கவே இல்லை. "டீச்சரம்மா, பின்னங்கால் குதிகால் தூக்கியிருக்கு பாருங்க. அதான் உடம்பு சாயுது." குதிகாலை இறக்கினேன். கம்பு முட்டியைத் தாண்டிப் போனது.

திங்கட்கிழமை அதே பையன் நோட்டில் 1/2 + 1/3 = 2/5. எத்தனை நோட்டில் பார்த்த விடை! சிவப்பு மையில் அடித்து, 5/6 என்று எழுதி, "மீ.சி.ம. எடு" என்று, அதாவது மீச்சிறு பொது மடங்கு எடு என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவதுதான் வழக்கம். அன்றைக்குப் பேனாவை மூடிவிட்டு, "இது எப்படிடா வந்தது?" என்று கேட்டேன்.

"ரெண்டு வீச்சுல ஒரு தொடு, டீச்சர். அப்புறம் மூணு வீச்சுல ஒரு தொடு. மொத்தம் அஞ்சு வீச்சுல ரெண்டு தொடுதானே?"

சிலம்பப் போட்டியில் எதிராளியைக் கம்பு தொட்டால் புள்ளி. அந்தக் கணக்கில் அவன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நான் கேட்டது வேறு கணக்கு. அவனுக்கு முழுசு என்பது ஒரு தடவை இரண்டு வீச்சு, இன்னொரு தடவை மூன்று வீச்சு. பின்னங்களைக் கூட்டும்போது இரண்டுக்கும் முழுசு ஒன்றாக இருக்க வேண்டும். குதிகால் அங்கே தூக்கியிருக்க, நான் இத்தனை வருஷமாக மீ.சி.ம. என்று மணிக்கட்டைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவன் கம்பையே தரையில் கிடத்தினோம். கம்பில் பாதி நீளத்துக்கு ஒரு நூல், மூன்றில் ஒரு பங்குக்கு இன்னொரு நூல். இரண்டையும் முனையோடு முனை சேர்த்துக் கம்பின் மேல் வைத்தான். "பாதியைத் தாண்டிருச்சே டீச்சர். 2/5 பாதியை விடக் கம்மியில்ல?" கம்பை ஆறாகப் பிரித்துச் சாக்பீஸில் கோடு போட்டதும் நூல் ஐந்தாவது கோட்டில் வந்து நின்றது.

தினமும் இப்படி நடக்கிறது என்று சொன்னால் பொய். பாடத்தை முடிக்கிற அவசரத்தில் சிவப்புப் பேனா தானாகவே திறந்துகொள்ளும். ஐப்பசி மழையில் மைதானம் சேறாகி, வராந்தாவில் காலடி போடுகிற நாட்களில் எனக்கும் பழைய சாய்வு திரும்பி வந்துவிடும்.

போன சனிக்கிழமை புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணை ஆசான் என்னிடம் விட்டார். கம்பு அவள் கையில் நிற்கவே இல்லை, நழுவிக்கொண்டே இருந்தது. "இறுக்கிப் பிடி" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, குனிந்து பார்த்தேன். குளிரில் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றி, "குடிக்காட்டியும் பரவாயில்ல, டம்ளரைக் கொஞ்ச நேரம் ரெண்டு கையிலும் வச்சிரு" என்றேன்.