மான் வேட்டைத் தோட்டா: பெட்டியில் எதைப் பார்த்து வாங்குவது

மானுக்கு .308 தோட்டா நல்லதா, .270 நல்லதா, 6.5 கிரீட்மூர் நல்லதா என்று ஆரம்பித்தால் விடிய விடிய வாதம் ஓடும். மூன்றும் போதும். .270 வந்தது 1925-இல், .308 வந்தது 1952-இல், கிரீட்மூர் 2007-இல். மூன்றாலும் மான் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தப் பெயர்ச் சண்டைக்குச் செலவாகும் நேரத்தில் பாதியைக் குண்டின் அமைப்பைப் படிக்கச் செலவழித்தால் அடிபட்டு ஓடித் தொலையும் மான்கள் குறையும்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். பித்தளை உறை, அடியில் கேப் (தட்டினால் பொறி தந்து மருந்தைப் பற்றவைப்பது), உள்ளே மருந்து, வாயில் குண்டு, எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. குழலை விட்டுப் போவது குண்டு மட்டும். ஒரே .308 உறையில் மானுக்கான குண்டும் வரும், அட்டை சுடும் போட்டிக் குண்டும் வரும், ராணுவத்தின் முழுச் சட்டைக் குண்டும் (நுனிவரை உலோகம் மூடியது) வரும். கடைசியில் சொன்னது விரியாமல் ஊசி மாதிரி மறுபக்கம் போய்விடும். மான் பல மணி நேரம் துடித்துச் சாகும். பல நாடுகளில் வேட்டைக்கு அதற்குத் தடை இருப்பது அதனால்தான். போட்டிக் குண்டின் நுனியிலும் சின்ன ஓட்டை இருக்கும். அதைப் பார்த்து ‘ஹாலோ பாயிண்ட்தானே’ என்று வாங்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஓட்டை தயாரிப்பு முறையால் வருவது, விரிவதற்காக வைத்தது அல்ல. சில விரியும், சில விரியாது, சில தூள்தூளாகும். ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

எடை கிரெய்னில் அச்சாகியிருக்கும். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. 150 கிரெய்ன் குண்டு பத்து கிராம்கூட வராது. வெண்வால் மான் அளவுக்கு .243-இல் 95 முதல் 100, 6.5 கிரீட்மூரில் 120 முதல் 143, .270-இல் 130, .308-இலும் .30-06-இலும் 150 அல்லது 165 போதும். .243 வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அதே அலமாரியில் 55, 58 கிரெய்ன் பெட்டிகளும் இருக்கும். அவை குழிமுயல், நரி போன்ற சிறு உருப்படிகளுக்கு, தொட்டவுடன் வெடித்துச் சிதறும்படி செய்தவை. மானின் சப்பை எலும்பில் (முன்கால் தோள் எலும்பு) பட்டால் மேலே ஒரு பெரிய காயத்தைப் போட்டுவிட்டு அங்கேயே முடிந்துவிடும்.

குண்டின் அமைப்புக்கு வருவோம், விஷயமே இங்கேதான்.

பழைய வகை, செம்புச் சட்டைக்குள் ஈயம், நுனியில் ஈயம் வெளியே தெரியும். ரெமிங்டன் கோர்-லாக்ட், ஃபெடரல் பவர்-ஷாக், வின்செஸ்டர் பவர்-பாயிண்ட் எல்லாம் இந்தக் குடும்பம். விலை குறைவு. வேகமாக விரியும், குறைந்த வேகத்திலும் விரியும். நடுத்தர வேகத்தில், 200 கஜத்துக்குள், விலாப் பகுதியில் அடிப்பவருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்பது என் கணிப்பு. பிரச்சினை எங்கே வரும் என்றால், மருந்து அதிகம் பிடிக்கும் மேக்னம் தோட்டாவில் ஏற்றி ஐம்பது கஜத்தில் அடிக்கும்போது. வேகம் அதிகமாகி சட்டையும் ஈயமும் பிரிந்துவிடும். குண்டு ஆழம் போகாது, சப்பைக் கறி முழுக்க ரத்தம் கட்டிப் பாழாகும்.

அடுத்தது ஈயத்தையும் சட்டையையும் ஒட்டிய வகை. ஃபெடரல் ஃபியூஷன், நோஸ்லர் அக்யூபாண்ட் இப்படிப்பட்டவை. எலும்பில் பட்டாலும் பெரும்பாலான எடை சேர்ந்தே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்த நோஸ்லர் பார்ட்டிஷன் இதே கவலைக்கு வேறு வழி கண்டது: நடுவில் ஒரு செம்புத் தடுப்பு. முன்பாதி உடைந்து சிதறும், பின்பாதி அப்படியே துளைத்துக்கொண்டு போகும்.

மூன்றாவது முழுச் செம்பு. பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் மாதிரி. நுனி நான்கு இதழாகப் பிரிந்து விரியும், எடை ஏறக்குறைய குறையவே குறையாது, கறியில் ஈயத்துகள் இருக்காது. ஆனால் இதற்கு வேகம் வேண்டும். ஈயக் குண்டு விநாடிக்கு 1,800 அடியிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் விரிந்துவிடும். செம்புக்கு 2,000 அடி இருந்தால்தான் நிம்மதி. அதனால் செம்பில் எடையைக் குறைத்து வாங்குங்கள். .308-இல் ஈயம் 165 என்றால் செம்பு 130 அல்லது 150. இன்னொரு காரணமும் உண்டு: செம்பு ஈயத்தைவிட லேசானது, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளக் குண்டை நிலையாகச் சுழற்றக் குழலுக்குள் உள்ள சுழல்வரியின் முறுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள பழைய .308 குழலில் கனத்த செம்புக் குண்டு தள்ளாடும். இலக்கு அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதில் நீள்வட்ட ஓட்டை தெரிந்தால் குண்டு பக்கவாட்டில் சாய்ந்து போகிறது என்று பொருள்.

இந்த 2,000 அடிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. .308, 150 கிரெய்ன், பெட்டியில் 2,820 அடி என்று இருக்கிறது. அது பொதுவாக 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்த எண். உங்கள் குழல் 20 அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 25 அடி வீதம் நூறு அடியைக் கழியுங்கள்; கையில் இருப்பது ஏறக்குறைய 2,700. பிறகு ஒவ்வொரு 100 கஜத்துக்கும் சுமார் 200 அடி போகும். 300 கஜத்தில் 2,100. செம்புக் குண்டுக்கு அதுதான் வேலி. அதற்கு அப்பால் விரியும் விரியாமலும் போகும். அதே குண்டு ஒட்டிய ஈயம் என்றால் இன்னும் நூறு கஜம் தாங்கும். ‘மானுக்கு ஆயிரம் அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும்’ என்ற பழைய கணக்கைவிட இந்தக் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆற்றல் எவ்வளவு இருந்தாலும் விரியாத குண்டு அதை மானுக்குள் விடாமல் பின்னால் உள்ள மண்மேட்டுக்குக் கொண்டுபோய்விடும்.

வெளித் துளை ஏன் முக்கியம் என்பதையும் பார்த்துவிடலாம். மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார்ந்து சுடும்போது குண்டு முதுகுப் பக்கம் மேலே நுழைகிறது. உள்ளேயே நின்றுவிட்டால் ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் நிறையும், தரையில் ஒரு சொட்டு விழாது. மான் எண்பது கஜம்தான் ஓடியிருக்கும், ஆனால் புதருக்குள் கண்டுபிடிக்க முடியாது. மறுபக்கம் தாழ்வாக ஒரு துளை விழுந்திருந்தால் தடம் தானாகத் தெரியும். பரணிலிருந்து சுடுகிறவர் ஒட்டிய குண்டோ செம்போ எடுப்பது மேல். செம்புக் குண்டுக்காரர் குறியைச் சற்று முன்னே, சப்பை எலும்பை ஒட்டி வைக்கலாம். கறி அவ்வளவாகக் கெடாது. பழைய ஈயக் குண்டென்றால் சப்பைக்குப் பின்னால், நுரையீரலில்.

.30-30 போன்ற லீவர் துப்பாக்கியில் குழாய் மேகசின் இருந்தால் கூர்நுனி உலோகக் குண்டு கூடவே கூடாது. ஒரு தோட்டாவின் நுனி முன்னால் இருக்கும் தோட்டாவின் கேப்பில் முட்டி நிற்கும். சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தரும் உதையில் அது வெடிக்கலாம். தட்டை நுனி வாங்குங்கள், அல்லது ஹார்னடி லெவரெவல்யூஷன் போல மெத்தென்ற நுனி வைத்து அதற்கென்றே செய்ததை.

உதையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அவமானம் மாதிரி. .300 மேக்னம் தோளில் இடித்துப் பழகியவர் விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடுகிறார். .243-ஐ அமைதியாகச் சுடுபவர் அவரைவிட அதிக மான் கொண்டுவருவார்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும், பெட்டி வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். ஜெர்மனியில் ரோ மானுக்கு 100 மீட்டரில் 1,000 ஜூல் போதும். பெரிய மான்களுக்கு 6.5 மி.மீ. விட்டமும் 2,000 ஜூலும் வேண்டும். இங்கிலாந்தில் இரண்டு சிறிய இனங்களைத் தவிர்த்த மான்களுக்கு .240 அங்குல விட்டமும் 1,700 அடி-பவுண்டும் குறைந்தபட்சம், குண்டு விரியும் வகையாக இருந்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயம் கிடையாது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைபிள் ஈயக் குண்டை நிறுத்தியது. அமெரிக்காவின் ஓஹையோவில் மானுக்கு ரைபிள் என்றால் நேர்ச்சுவர் உறைத் தோட்டா (வாய்ப்பக்கம் கழுத்தாகக் குறுகாதது) மட்டுமே, ஆகவே அங்கே .308 பேச்சே எழாது.

வாங்குவது எப்படி என்றால், ஒரே எடையில் மூன்று வெவ்வேறு தயாரிப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி. பெரும்பாலும் 20 இருக்கும். மணல்மூட்டையில் துப்பாக்கியைக் கிடத்தி 100 கஜத்தில் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். மூன்று தோட்டாக் கூட்டம் (அட்டையில் ஓட்டைகள் பரவும் அகலம்) அதிர்ஷ்டத்தில் சிறியதாக வந்துவிடும், ஐந்து கொஞ்சம் நேர்மையானது. ஈயத்திலிருந்து செம்புக்கு மாறும்போது குழலைச் சுத்தம் செய்யாவிட்டால் முதல் சில குண்டுகள் எங்கேயோ போகும்; அதைப் பார்த்து நல்ல தோட்டாவை ஒதுக்கிவிடாதீர்கள். குழல் கை சுடுமளவு சூடானால் நிறுத்துங்கள். ஒன்றரை அங்குலக் கூட்டம் வந்தால் தாராளம். 200 கஜத்தில் அது மூன்று அங்குலம், மானின் உயிர்நிலை எட்டு அங்குல வட்டம். அதற்குக் கீழே அரை அங்குலம் தேடிப் பணத்தைக் கரைப்பது பொழுதுபோக்கு, வேட்டைக்குச் சம்பந்தமில்லை.

தேர்ந்தெடுத்ததும் 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி ஸ்கோப்பைத் திருப்பி வையுங்கள். .308, 150 கிரெய்னுக்கு அது 200 கஜத்தில் நேராக வரும், 300-இல் எட்டொன்பது அங்குலம் கீழே விழும். பிறகு ஒருநாள் குளிர்ந்த குழலில் ஒரே ஒரு குண்டு சுட்டுப் பாருங்கள். காட்டில் கிடைப்பது அந்த ஒன்றுதான்.

பெட்டியின் மூடியிலோ பக்கத்திலோ லாட் எண் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) அடித்திருக்கும். அதே எண்ணில் நாலைந்து பெட்டி சேர்த்து வாங்கிவிடுங்கள். எண் மாறினால் மருந்து மாறியிருக்கலாம். பெயர், எடை, படம் எல்லாம் அதேதான், குண்டு மட்டும் இரண்டு அங்குலம் தள்ளிப் படும். மறுபடி அட்டையில் சரிபார்க்காமல் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

வீட்டில் இரண்டு துப்பாக்கி இருந்தால் உறையின் அடிப்பக்கத்து எழுத்தைப் படிக்காமல் ஒன்றையும் மேகசினில் ஏற்றாதீர்கள். .300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கியின் மேகசினில் அழகாக உட்காரும், சில குண்டுகளோடு குழலின் பின்பக்கத் தோட்டா அறையிலும் ஏறிவிடும். .30 விட்டக் குண்டை .22 விட்டக் குழலுக்குள் தள்ளப் பார்க்கும்போது துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். மீந்த தோட்டாக்களைச் சட்டைப்பையில் கலந்து போடாமல் அதனதன் பெட்டியிலேயே திருப்பி வையுங்கள்.