"இது என்ற தொண்டையே இல்லீங்க தம்பி"

கோவையில் பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களை அவர்களோடு சேர்ந்தே படமாகவும் ஒலியாகவும் பதிவு செய்து வருகிறேன். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ரிமோட்டை உட்காருபவர் கையில் கொடுத்துவிடுவேன். எதை உடுத்துவது, எப்போது அமுக்குவது எல்லாம் அவர் விருப்பம். வெளிச்சம் மட்டும் என் பொறுப்பு. லண்டனில் வீடற்றவர்களோடு புகைப்படக் கலைஞர் அந்தோனி லுவேரா இப்படித்தான் சுயப்படங்கள் எடுத்தார். எனக்கு வழிகாட்டி அவர்.

1888இல் முதல் நூற்பாலை, 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் என்று வளர்ந்த ஊர் இது. எந்தச் சத்தத்தைப் பதிவு செய்யலாம் என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது மில் சங்கைத்தான். ஆனால் ரிங் பிரேம் என்னும் நூல் நூற்கும் இயந்திரத்தில் வேலை பார்த்த ஒரு ஐயா தன் பேச்சையே பதியச் சொன்னார். ஹெட்போனில் கேட்டதும் அதிர்ந்துபோனார். "இது என்ற தொண்டையே இல்லீங்க தம்பி!"

அவர் மட்டுமா? நாம் பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் காதுக்குள் போகிறது. அதனால் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது. முகமும் அப்படித்தான். 1977இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், படத்தில் இருந்தவர்களுக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய தங்கள் படமே பிடித்தது; அவர்களுடைய தோழிகளுக்கு மாறாத படம் பிடித்தது. ஊருக்குத் தெரிந்த நம்மை நாம் அறிவதில்லை. படம் எடுப்பவன் தனியாக முடிவு செய்யக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

ஐயாவின் குரல் ஓங்கி ஒலிக்கும். மைக்கைத் தள்ளி வைத்தும், ஒலி அளவு காட்டும் மீட்டர் அளவு மீறியதைச் சொல்லும் சிவப்பைத் தொட்டது. குறைக்கட்டுமா என்றேன். "வேண்டாமுங்க. அந்த இரைச்சல்ல கத்திக் கத்தி வந்த பேச்சு. இப்படியே இருக்கட்டும்" என்றார். இரண்டாம் முறை கேட்கும்போது முகம் இளகியிருந்தது. பேசிக்கொண்டே ரிமோட்டை அமுக்கினார். வாய் திறந்து, கழுத்து நரம்பு புடைத்த படம் அது. வேறெந்தப் படத்திலும் அவர் இவ்வளவு அவராக இல்லை என்பேன்.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. "அப்பா சண்டை போடற மாதிரி இருக்குதுங்க, வேற எடுங்க" என்றார். தலைசீவி, வாய்மூடி அமர்ந்த படம் ஒன்றும் எடுத்தோம். அது வீட்டுச் சுவருக்கு. கண்காட்சிக்குப் போவது ஐயா தேர்ந்த படமும், அந்தச் சிவப்பு தொட்ட குரலும்.