சரவணம்பட்டி அபார்ட்மென்டில் ஒரு கட்டுச்சோத்து விருந்து

ஈரோட்டிலிருந்து காந்திபுரம் வரை பஸ்ஸுக்குக் கொடுத்ததைப் போல மூணு மடங்குக்கு மேல், அங்கிருந்து சரவணம்பட்டிக்கு ஆட்டோவுக்கே போய்விட்டது. பத்து கிலோமீட்டர்கூட வராத தூரத்துக்கு முன்னூற்றைம்பது ரூபாய்! "சத்தி ரோடு முச்சூடும் டிராபிக்குங்க" என்றார் ஆட்டோக்காரர். மரியாதைக்குக் குறைவில்லை, மீதிச் சில்லறைதான் வரவில்லை.

சித்தி மகளுக்குக் கட்டுச்சோறு, அதாவது மாசமாக இருக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் சோறு கட்டிக்கொண்டு போய்ப் போடும் விருந்து. சித்தி வீட்டார் அண்டாக்களோடு வேனில் முன்னாடியே போய்விட்டார்கள். மாப்பிள்ளை வீடு பதினோராவது மாடி. அத்தனை பேர் உட்கார இடம் கிடையாது. கீழே கிளப் ஹவுஸில் ஏசி ஹால் இருக்கிறது, ஆனால் ஒரு வேளைக்கு ஆறாயிரம் வாடகை. வெளிச்சாப்பாடு கொண்டுவந்தால் அதற்கும் தனிக் காசாம். மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்டுகிறவர்களிடமே இந்த வசூல்! தங்கச்சியின் மாமனார் கணக்குப் பார்த்தார். "நாலு காரைத் தள்ளி நிறுத்துனா வேலை முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் விருந்து, தூண்களுக்கு நடுவே, கார் நிறுத்தும் தரைத்தளத்தில் நடந்தது. சுவர் இல்லாத இடம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி மாசக் காத்து குறுக்கே பாய்கிறது. இலை பறக்காமலிருக்க ஓரத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, கூடவே ஒப்புட்டு. எல்லாவற்றையும் விட எள்ளுச்சோறு! வறுத்த எள்ளும் வரமிளகாயும் நல்லெண்ணெயும் சேர்ந்த அந்த வாசனைக்கே ஆட்டோக் காசை மன்னிக்கலாம். "இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்க கண்ணு" என்று பரிமாறிய அந்த அம்மா எங்களுக்கு உறவுக்காரர் இல்லை. நாலாவது மாடி. சாயங்காலமானால் இதே தூணடியில் நாற்காலி போட்டு உட்காருகிறவராம், அப்படிப் பழக்கம்.

பில்டர் விளம்பரத்தில் போட்ட திறந்தவெளி அரங்கம் காலியாகக் கிடந்தது. மேற்கு வெயிலைப் பார்த்துக் கருங்கல் படி கட்டினால் யார் உட்காருவார்கள்? அதற்குப் பதில், காய்கறி டெம்போ வந்ததும் கேட் வாசலில் கால் மணி நேரம் சந்தைதான். பையன்கள் காருக்கு நடுவே கிரிக்கெட் ஆடுகிறார்கள்; பந்து காரில் பட்டால் அவுட், கார்க்காரர் வந்தால் ஆட்டமே முடிஞ்சது.

மொட்டை மாடிக்குப் பூட்டு. அதனால் வடகம் காய்வது, தீப்பிடித்தால் ஒதுங்கி நிற்க ஒரு மாடியில் விட்டிருக்கும் இடத்தில். வடகம் இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு கையில் அள்ளிவிடலாம். அதே இடத்தில் சைக்கிள்களைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருப்பது அயோக்கியத்தனம். தங்கச்சியிடம் சொன்னேன்.

"கிளப் ஹவுஸ்ல சைக்கிள் நிறுத்த விட்டா நாங்க எதுக்குங்ணா அங்க வைக்கறோம்?" என்றாள்.